சுண்டலுக்கு அடியில் ஊதா லேபிள்

மிஸ்டர் கிரீர் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாமினி அவர் கையிலிருந்த கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹாலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டவர்கள் பாதி, அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டவர்கள் மீதி. ஐந்து படிக் கொலுவுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பாடி முடித்திருந்தது. எல்லோரும் கைதட்டிய சத்தத்தோடு சத்தமாக யாமினி எழுந்துபோய், "மிஸ்டர் கிரீர், இன்னும் கொஞ்சம்?" என்றாள். அவர் பதில் சொல்வதற்குள் இரண்டு கரண்டி சுண்டலை அவர் கிண்ணத்தில் போட்டுவிட்டு வந்தாள்.

அது இரண்டாவது தடவை.

"ஹவுஸ் ஓனருக்கு நடக்கற உபசாரத்தைப் பாருங்க," என்றார் வசந்தாமணி ஆன்ட்டி. "நமக்கெல்லாம் ஒரு கப்போட சரி."

எல்லோரும் சிரித்தார்கள். யாமினியும் சிரித்துவைத்தாள்.

மற்றவர்களுக்குச் சுண்டல் பேப்பர் கப்பில்தான் கொடுத்திருந்தாள். கீழ்வீட்டு மிஸ்டர் கிரீரை மதன் கையோடு அழைத்து வந்தபோது அவள் சமையலறையில் இருந்தாள். கப் தீர்ந்திருந்தது. வசந்தாமணி ஆன்ட்டிக்கு எந்த வீடும் சொந்த வீடுதான். கொலுவின் கீழ்ப்படியில் அழகுக்கு வைத்திருந்த பெரிய கறுப்புக் கிண்ணத்தை எடுத்து, முந்தானையால் துடைத்து, சுண்டலை நிரப்பி அவர் கையில் கொடுத்துவிட்டார். ஓரமெல்லாம் பாவாடைச் சுருக்கம் மாதிரி அலை அலையாக நிற்கும் கிண்ணம். அதன் அடியில், கொண்டைக்கடலைக்குக் கீழே, ஊதா நிறத்தில் வட்டமாக ஒரு லேபிள் இருந்தது.

பத்து நாளைக்கு முன்னால் அந்தக் கிண்ணம் ஒரு இசைத்தட்டு. மிஸ்டர் கிரீருடைய இசைத்தட்டு.

நியூயார்க்கிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கை அடுத்த மில்டவுனில், மிஸ்டர் கிரீரின் வீட்டு மாடியில் மதனும் யாமினியும் குடிவந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கீழே அவர் தனியாக இருந்தார். முப்பது வருஷம் தபால்காரராக நடந்து நடந்து இடது முட்டி போய்விட்ட கறுப்பின மனிதர். ஒரே மகள் அட்லாண்டாவில். கராஜ் மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது.

கோபிசெட்டிபாளையத்தில் யாமினியின் வீட்டில் கொலு வைக்கும் வழக்கமே கிடையாது. மதன் வீட்டிலும் இல்லை. ஆனால் இங்கே போன நவராத்திரிக்கு ஒன்பது வீடுகளுக்குப் போய் ஒன்பது பரிசுகளை வாங்கிவந்திருந்தாள். திருப்பிக் கூப்பிடாமல் எப்படி இருப்பது? கூப்பிட்டால் மட்டும் போதுமா? யாரும் கொடுக்காத ஒன்றைக் கொடுக்க வேண்டும், "இது எங்கே வாங்கினே?" என்று நாலு பேர் கேட்க வேண்டும். வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில் பகலெல்லாம் வீட்டில் இருப்பவளுக்கு அது சின்ன ஆசையாகத் தோன்றவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சின்ன வயசில் கோபியில் மாதர் சங்கத்து லீவு வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. ஓடாத பழைய இசைத்தட்டைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கினால் அப்பளம் மாதிரித் துவண்டுவிடும். கவிழ்த்துவைத்த பாத்திரத்தின் மேல் போட்டு விரலால் மடித்துவிட்டால் பூக்கிண்ணம். ஷோகேஸ் வைத்திருந்த எந்த வீட்டிலும் அப்படி ஒன்று, உள்ளே பிளாஸ்டிக் திராட்சையோடு இருக்கும். இங்கே ஓவனிலேயே ஐந்து நிமிஷ வேலை.

கராஜில் ரீசைக்கிள் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதில் பன்னிரண்டு இசைத்தட்டுகள் இருந்தன.

அவள் செய்தது வேலைப்பாடாகத்தான் வந்தது. பதினொன்றின் லேபிள்கள் மேல் தங்கக் கலர் பெயின்ட் அடித்து, நடு ஓட்டையில் வட்டக் கண்ணாடிச் சில்லு ஒட்டினாள். பன்னிரண்டாவதன் ஊதா லேபிள் பெயின்ட் அடிக்க மனசு வராத அழகாக இருந்தது. அதை மட்டும் அப்படியே விட்டு, தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

இப்போது அந்த ஊதா வெளியே வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது தடவை அவள் பாத்திரத்தோடு போய் நின்றபோது மிஸ்டர் கிரீர் கிண்ணத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். "ரொம்ப ருசி. ஆனா போதும், யாமினி. என் வயித்துல இடமில்ல."

அவள் நகரவில்லை. அவர் நிதானமாகச் சாப்பிட்டார். கரண்டி ஒரு முறை தயங்கியது, பிறகு நின்றது. சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மிச்சமிருந்த மூன்று கடலையை விரலால் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, கிண்ணத்தை மெதுவாகச் சுற்றி, வட்டமாக ஓடிய எழுத்துகளை முழுக்கப் படித்தார். ஒரு சுற்று முடிந்ததும் இன்னொரு சுற்று.

"பியூட்டிஃபுல், இல்ல?" என்றார் வசந்தாமணி ஆன்ட்டி ஆங்கிலத்தில். "எல்லாம் எங்க யாமினி கைவேலை. பழைய ரெக்கார்ட்ல பண்ணினது. ஷீ இஸ் வெரி டேலன்டட்."

"ஆமாம்," என்றார் மிஸ்டர் கிரீர். "நல்ல கைவேலை." பிறகு யாமினியை நிமிர்ந்து பார்த்தார். "கராஜ்ல இருந்த பெட்டியா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மதன் எழுந்துவிட்டான். அவனுக்கு ஒரு நொடியில் விஷயம் புரிந்துபோயிற்று. அவன் முகம் வெளுத்தது. "மிஸ்டர் கிரீர், அது உங்களோடதா? ரீசைக்கிள் பக்கத்துல இருந்ததால வேண்டாததுன்னு நெனச்சுட்டா. அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டா. சத்தியமா தெரியாது."

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ்டர் கிரீர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என் தப்பு. அதை அங்க வெச்சிருக்கக் கூடாது."

யாமினி பேசாமல் நின்றாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் கையிலிருந்த பாத்திரத்தின் சூடு விரலில் ஏறியது. அதைக்கூட மாற்றிப் பிடிக்காமல் நின்றாள்.

"இதை நான் எடுத்துக்கிட்டுப் போகலாமா?" என்று அவர் கேட்டார்.

"தாராளமா," என்றார் வசந்தாமணி ஆன்ட்டி. விஷயம் அவருக்குப் பாதிதான் எட்டியிருந்தது. "ரிட்டர்ன் கிஃப்ட்தானே. வெறுங்கிண்ணமா குடுக்கக் கூடாது, இருங்க." இரண்டு வெற்றிலையும் ஒரு வாழைப்பழமும் ஒரு தேங்காயும் அதில் வைத்தார்.

மிஸ்டர் கிரீர் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, தன் இசைத்தட்டைத் தேங்காயோடு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஒவ்வொரு படியாக முட்டியைப் பார்த்து இறங்கிப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மதன் கீழே போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தான். ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தான்.

"அம்மணி," என்றான். செல்லமாகக் கூப்பிடும் வார்த்தைதான். அன்றைக்கு அதில் செல்லம் இல்லை. "அது அவரே பாடின ரெக்கார்ட்."

யாமினி காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"அறுபத்தெட்டுல. நெவார்க்ல ஏழு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் வெச்சிருந்தாங்களாம், கிளின்டன் ஹில் செவன்னு. முந்தின கோடையிலதான் கலவரத்துல ஊரே பத்தி எரிஞ்சிருக்கு. இவங்க ஒரு லாண்ட்ரிக்குப் பின்னால ரூம் எடுத்து, சர்ச் பாட்டு மாதிரி பாடிக்கிட்டு, கிடாரை ஏதேதோ மிஷின்ல விட்டு அலற வெச்சு... சைக்கடெலிக் சோல்னு சொல்றார். ஒரே ஒரு ஆல்பம். 'பர்ப்பிள் லாண்ட்ரி'ன்னு பேரு. கம்பெனி மூணு மாசத்துல மூடிட்டான். வேற யார்கிட்டயும் இருக்கற மாதிரி தெரியலையாம்."

"அவர் சொல்லவே இல்லையே, பாடுவேன்னு."

"யார்கிட்டயுமே சொல்லலையாம். இப்ப இங்கிலாந்துல ஒருத்தர், சின்னக் கம்பெனி, பழைய பாட்டெல்லாம் சிடியா போடறவர், எப்படியோ தேடிப்பிடிச்சு லெட்டர் போட்டிருக்கார். மாஸ்டர் டேப் தொலைஞ்சு போச்சு. கீறல் இல்லாத ரெக்கார்ட் ஒண்ணு இருந்தா அனுப்புங்க, அதுல இருந்து எடுத்துக்கறேன்னு. இவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு இருந்திருக்கு. ரெண்டு தடவைதான் ஓட்டினதாம். அனுப்பறதுக்குத்தான் அட்டிக்ல இருந்து இறக்கி வெச்சிருக்கார். மத்த பதினொண்ணும் அதே பெட்டியில கூட இருந்த பழைய தட்டுங்க."

யாமினி கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் திரும்பத் திரும்பச் சொன்னேன், அவ புதுசு சார், இங்கத்த வழக்கம் தெரியாதுன்னு. அவரும் பாவம், விடு விடுன்னு சொல்றார். கவர் அட்டையாவது இருந்தா அதை அனுப்பலாமாம். அதை என்ன பண்ணினே?"

கவர் அட்டைகள் கொலுவுக்கு அடியில் இருந்தன. படிகள் என்று பெயரே தவிர, அவை சூட்கேஸ்களும் மதனின் கம்ப்யூட்டர் வந்த பெட்டிகளும்தான். மூன்றாவது படி ஆடியதால் பன்னிரண்டு கவரையும் அடுக்கி முட்டுக்கொடுத்திருந்தாள். வைத்த கொலுவை விஜயதசமிக்கு முன்னால் கலைக்கக் கூடாது என்று வசந்தாமணி ஆன்ட்டி ஆயிரம் முறை சொல்லியிருந்தார். யாமினி முட்டிபோட்டு உட்கார்ந்து, வேட்டித் துணியைத் தூக்கி, உள்ளே கையை விட்டு இழுத்தாள். மூன்றாம் படி சரிந்தது. செட்டியாரும் அவர் மனைவியும் கடை சாமான்களோடு கீழே உருண்டார்கள். மனைவிக்கு மூக்குப் போயிற்று.

ஊதாக் கவர் மேலாகவே இருந்தது. துணி காயப்போட்ட கயிறு ஒன்று. அதில் தொங்கும் சட்டைகளும் பாவாடைகளும் காற்றில் உருகிப் பறவைகளாக மாறிக்கொண்டிருந்தன. கயிற்றுக்கு அடியில் ஏழு பேர். வலது ஓரத்தில் வட்டக் கண்ணாடி போட்டு, மடியில் சிதாரோடு உட்கார்ந்திருந்த ஒல்லி வாலிபனை அவளால் முதலில் அடையாளம் காண முடியவில்லை. பிறகு காதைப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.

"நீயே கொண்டுபோய்க் குடுக்கறியா?" என்று மதன் கேட்டான்.

"நீங்களே குடுத்துடுங்க," என்றாள்.

அந்த வாரம் முழுவதும் மதன் ஆபீஸில் உட்கார்ந்து இன்டர்நெட் நியூஸ்குரூப்களில் எழுதினான். நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் இருக்கும் பழைய ரெக்கார்டுக் கடைகளுக்கெல்லாம் போன் போட்டான். ஒரு ஆள் சிரித்தாராம். "அதைத் தேடி இருபது வருஷமா நானே அலையறேன், கிடைச்சா எனக்குச் சொல்லு." மதன் அதையும் சிரித்துக்கொண்டுதான் வந்து சொன்னான். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ராத்திரி தோசை வார்க்கும்போது பின்னால் வந்து நின்று, "விடு அம்மணி, தெரியாம நடந்தது" என்று முதுகில் தட்டிக்கொடுத்தான்.

தெரியாம நடந்தது. அந்த வார்த்தையில் அவள் தோசையைத் திருப்ப மறந்தாள்.

ஏனென்றால் அவளுக்குத் தெரியும்.

செப்டம்பர் கடைசியில் ஒரு பகல். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் திறந்திருந்த கராஜ் தெரியும். மிஸ்டர் கிரீர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பெட்டியை முன்னால் வைத்து, ஒவ்வொரு தட்டாக எடுத்து மெல்லிய மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளிருந்து வெளியே, வட்டம் வட்டமாக. துடைத்ததை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு உறைக்குள் போட்டார். பெட்டியைச் சணல் கயிற்றால் கட்டி, மேலே பூ முடிச்சுப் போட்டார். குப்பையில் போடுகிற பெட்டிக்கு யாரும் பூ முடிச்சுப் போட மாட்டார்கள்.

அடுத்த நாள் அவள் கராஜில் அந்த முடிச்சுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நின்றாள். பத்தடி நடந்துபோய் அவர் கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் இல்லை என்பார். கேட்காவிட்டால், ரீசைக்கிள் பக்கத்தில் இருந்தது, எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். இப்படி வார்த்தை வார்த்தையாக அவள் அப்போது நினைத்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் முடிச்சை அவிழ்த்த விரலுக்கு அது தெரிந்திருந்தது. நாலு பேர் "எங்கே வாங்கினே" என்று கேட்க வேண்டுமே.

அடுத்த ஞாயிறு வேய்ன் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு தீயணைப்பு நிலைய ஹாலில் பழைய ரெக்கார்டுச் சந்தை. ஐம்பது மேஜைகள், மேஜைக்கு ஆறு பெட்டிகள். மதன் இடது பக்கம், யாமினி வலது பக்கம். எல்லாம் ஆண்கள், தாடியும் தொப்பியும். குனிந்து குனிந்து தட்டுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். அவளும் தள்ளினாள். அரை மணியில் விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிற்று. ஒருவர் தட்டை உறையிலிருந்து எடுக்கும்போது விளிம்பை மட்டும் உள்ளங்கையால் தாங்கி எடுத்ததைப் பார்த்தாள். மிஸ்டர் கிரீரும் அப்படித்தான் எடுத்தார். அவள் சப்பாத்தி மாவு மாதிரிப் பிடித்து ஓவனில் வைத்தாள்.

ஒவ்வொரு மேஜையிலும் மதனின் குரல் கேட்டது. "என் வைஃப் தெரியாம குப்பைன்னு நெனச்சுட்டாங்க. ஷீ இஸ் நியூ ஹியர். அவங்க மேல தப்பில்ல." கேட்டவர்கள் திரும்பி அவளைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோலத் தலையாட்டினார்கள். ஒருவர் தன் மனைவி எறிந்ததைப் பற்றிச் சொல்லி ஆறுதல் கூறினார். ஒன்று, இரண்டு, ஏழு மேஜை. எட்டாவதில் அவளால் முடியவில்லை.

"போலாங்க."

"இன்னும் அந்த வரிசை பாக்கலையே."

"போலாங்க, மதன்."

அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். அவன் சாவியை எடுத்தான்.

பார்க்வே நெடுஞ்சாலையில் ஏறிப் பத்து நிமிஷம் கழித்துத்தான் சொன்னாள். ஜன்னல், மஞ்சள் துணி, பூ முடிச்சு. கதவைத் தட்டாமல் திரும்பியது. எதையும் விடாமல், டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மதன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். இறங்க வேண்டிய எக்ஸிட் வந்தது, போய்விட்டது. அவன் கவனிக்கவில்லை.

"சத்தியமான்னு சொன்னேன்," என்றான் கடைசியில். "பன்னெண்டு பேருக்கு முன்னால. இன்னிக்கு ஏழு பேர்கிட்ட."

"தெரியுமுங்க."

"நான் சொல்லும்போதெல்லாம் பக்கத்துல நின்னுட்டிருந்தியே."

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அவன் சமாதானம் செய்ய வேண்டியிருக்கும் என்று தோன்றி, உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடுத்த எக்ஸிட்டில் அவன் வண்டியைத் திருப்பி வீட்டு வாசலுக்கு வந்தான். இன்ஜினை நிறுத்திய பிறகு சொன்னான்.

"நீயே போய்ச் சொல்லு. இந்தத் தடவை நான் உனக்காகப் பேச மாட்டேன்."

"சரிங்க."

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். இரண்டடி நடந்ததும் பின்னால் அவன் கதவும் திறந்தது. "மாடிப்படியில உக்காந்திருக்கேன்," என்றான், அவளைப் பார்க்காமல். "உள்ள வர மாட்டேன்."

மிஸ்டர் கிரீர் கதவைத் திறந்தார். ரேடியேட்டரின் மேல் அந்தக் கிண்ணம் இருந்தது. அதில் வீட்டுச் சாவி, கார்ச் சாவி, இரண்டு பேனா. உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. வாசல் மிதியடியிலேயே நின்று, ஆங்கிலத்தில், காரில் சொன்னதையே சொன்னாள். சின்னச் சின்ன வாக்கியங்கள். நீங்கள் துடைத்ததைப் பார்த்தேன். குப்பை இல்லை என்று தெரியும். கேட்டால் மறுப்பீர்கள் என்றுதான் கேட்கவில்லை. என் கணவருக்கு இது தெரியாது, இன்றைக்குத்தான் சொன்னேன்.

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"மூணு தடவை சுண்டல் போட வந்தீங்க. முதல் தடவை மரியாதைன்னு நெனச்சேன். மூணாவது தடவை நான் கிண்ணத்தை மூடினப்ப உங்க மூஞ்சியைப் பார்த்தேன். அப்பவே அடியில என்னமோ இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம்தான் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டேன்."

"அப்புறம் ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?"

"வீடு நிறைய விருந்தாளிங்க. உங்க புருஷன் பாவமா நின்னுக்கிட்டிருந்தார். நான் வேற என்ன சொல்றது?" ரேடியேட்டர் மேலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். "என்னை மன்னிச்சுடுங்கன்னு கேக்க வந்தீங்கன்னா, இன்னிக்கு முடியாது. எனக்குக் கோபம் இருக்கு. நாளைக்கும் இருக்கும். படியில பார்த்தா ஹலோ சொல்லுவேன், ஆனா கோபம் இருக்கும். அதை மறைக்க எனக்கு வராது."

"சரி," என்றாள் யாமினி. ஏனோ அந்த ஒரு வாரத்தில் முதல் முறையாக அவளுக்கு மூச்சு முழுதாக உள்ளே போனது.

அவர் எழுந்துபோய் ஒரு கேசட்டைப் போட்டார். "எழுபதுகள்ல ஸ்பீக்கர் முன்னால டேப்ரெக்கார்டரை வெச்சு எடுத்தது. இதை அவங்களுக்கு அனுப்ப முடியாது. நீங்க கேளுங்க. என்னத்தை ஓவன்ல வெச்சீங்கன்னு தெரியணுமில்ல."

முதலில் இரைச்சல். எங்கோ ஒரு நாய் குரைத்தது. பிறகு ஓர் ஆர்கன், சர்ச்சில் கேட்பதுபோல நீளமாக. அதற்குள்ளிருந்து கிடார் கிளம்பியது, புதுத் துணியைக் கிழிக்கிற மாதிரி. ஏழு குரல்கள் ஒன்றாக எழுந்து, ஒன்றையொன்று துரத்தி, குழாயில் தண்ணீர் சுழல்வதுபோலச் சுழன்றன. நடுவே சிதார் வந்தது. எந்த ராகத்திலும் இல்லை, சுருதியும் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. ஆனால் அதை வாசித்தவனுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதன் மேல் ஒரு ஆண் குரல், இளசாக, பயமே இல்லாமல் ஏறியது. அந்தக் குரலுக்கும் எதிரே முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கும் நடுவே முப்பது வருஷத் தபால் பை தொங்கியது.

நாய் மறுபடி குரைத்தது. பாட்டு பாதியில் நின்றுவிட்டது. டேப் அவ்வளவுதான்.

யாமினியால் நிமிர முடியவில்லை. கன்னம் இரண்டும் எரிந்தன. மிதியடியின் நூலை எண்ணுவதுபோலக் குனிந்து நின்றாள்.

"இங்கிலாந்துக்காரருக்கு இன்னும் நான் பதில் எழுதல," என்றார் மிஸ்டர் கிரீர். ஒரு லெட்டர் பேடையும் கிண்ணத்திலிருந்து ஒரு பேனாவையும் எடுத்து மேஜையில் வைத்தார். "என்னன்னு எழுதறதுன்னு தெரியல. தொலைஞ்சு போச்சுன்னு எழுதினா பொய். நீங்க எழுதுங்க. நடந்ததை நடந்த மாதிரி."

இப்போது உட்கார வேண்டியிருந்தது. அவள் எழுதினாள். ஒன்றரைப் பக்கம். 'எனக்குத் தெரியும்' என்ற வரியை எழுதும்போது பேனா நின்றது. படியில் மதன் இருமியது கதவுக்கு வெளியே கேட்டது. எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். அவர் படித்துப் பார்த்து, மடித்து, கவர் அட்டையோடு சேர்த்து ஓர் உறையில் வைத்து, விளிம்பை நாக்கால் நனைத்து ஒட்டினார்.

வெளியே வந்தபோது மதன் மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அவள் உட்கார்ந்தாள். அவளுடைய கறுத்த விரல்களை எடுத்துத் தன் கைக்குட்டையால் ஒவ்வொன்றாகத் துடைத்தான். அழுக்குப் போகவில்லை.

"இன்னும் எம் மேல கோபமா?" என்று கேட்டாள்.

"இருக்கு," என்றான். "தோசை வார்த்துட்டுப் பேசலாம்."

நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை மிஸ்டர் கிரீர் கீழேயிருந்து கூப்பிட்டார். அதுவரைக்கும் படியில் பார்த்தால் ஹலோ சொல்லிக்கொண்டுதான் இருந்தார், சொன்னபடியே. யாமினி மாடிப்படித் திருப்பத்துக்கு வந்து நின்றாள். மதனும் பின்னால் வந்தான்.

"பதில் வந்திருக்கு," என்றார் அவர், கடிதத்தை ஆட்டிக்கொண்டு. அந்த இங்கிலாந்துக்காரர் ரெக்கார்டு சேர்ப்பவர்களுக்காகச் சின்னதாக ஒரு பத்திரிகையும் நடத்துகிறாராம். உலகமெல்லாம் போகிறதாம். யாமினியின் கடிதத்தை அதில் அப்படியே போட்டு, யாரிடமாவது இன்னொரு தட்டு இருந்தால் தரும்படி கேட்கலாமா என்று எழுதியிருந்தார். "வெறும் விளம்பரத்தைவிட இதைப் படிச்சா யாராவது மனசு இரங்குவாங்கன்னு நெனைக்கறாராம். பேர் போடாமயும் போடலாம், போட்டும் போடலாம். உங்க இஷ்டம்னு சொல்றார்."

மதன் குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னான். "இனிஷியல் மட்டும் போதுமே, அம்மணி. இதெல்லாம் அப்புறம் இன்டர்நெட்ல வரும். வசந்தாமணி ஆன்ட்டி வீட்டுக்காரர் மயில்சாமி அங்கிள் கண்ணுல எதுவும் தப்பாது. அங்கிளுக்குத் தெரிஞ்சா ஆன்ட்டிக்குத் தெரியும். ஆன்ட்டிக்குத் தெரிஞ்சா ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்கே தெரியும்."

யாமினிக்கு அந்தப் பன்னிரண்டு பெண்களும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். அதில் பதினோரு பேர் வீட்டில் தங்கப் பெயின்ட் அடித்த கிண்ணம் இருந்தது. அடுத்த நவராத்திரிக்கு அவர்கள் வீட்டுக்கெல்லாம் போக வேண்டும். சுண்டலை வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாலு படி இறங்கினாள்.

"பேர் போட்டுடச் சொல்லுங்க, மிஸ்டர் கிரீர்."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கதவுக்குள் கையை நீட்டி, ரேடியேட்டர் மேலிருந்த கிண்ணத்தில் பேனாவைத் துழாவினார். சாவிகள் குலுங்கின. "முழுப் பேர், ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க," என்றார். "தப்பா எழுதக் கூடாது."

அவள் ஒவ்வோர் எழுத்தாக, உரக்கச் சொன்னாள். அவர் உறையின் பின்பக்கத்தில் தபால்காரரின் பெரிய கட்ட எழுத்தில் எழுதிக்கொண்டார்.